விவிலியத் தூதரும் ஓவியர் தந்த சிறகும்

மூலநூலொன்றைக் கற்பார், அதற்கு எழுந்த உரை மூலத்தோடு எவ்வளவு ஒட்டி நிற்கின்றது, எவ்விடத்து விலகிச் செல்கின்றது என்று நோக்கிக் கற்றல் வேண்டும் என்பது தொன்றுதொட்டு வரும் ஆசிரியர் மரபு. உரை மூலத்திற்கு விளக்காதலும் உண்டு, திரையாதலும் உண்டு. சமயநூற் செய்திகளைத் தீட்டும் ஓவியமும் ஒருவகை உரையே. சொல்லால் இயன்ற உரையைக் கற்றாரே அறிவர். வண்ணத்தால் இயன்ற உரையையோ கல்லாரும் சிறாரும் அறிவர். சொல்லுரையைக் கற்பவன் மூலத்தை முன்னர்க் கண்டு உரையைப் பின்னர்க் காண்கின்றான். ஓவியவுரையைக் காண்பவன் பெரும்பாலும் அதனையே முன்னர்க் கண்டு, மூலத்தைப் பின்னர் அவ்வோவியத்தின் வழியே படிக்கின்றான். ஆதலின் ஓவியம் செய்யும் நன்மையும் பெரிது. அது பிழைபடுமாயின் விளையும் தீமையும் பெரிது.

இவ்வுண்மையை, கிறித்துவ வேதமாகிய விவிலியத்துள் வரும் தேவதூதர்களையும், அவர்களை மேனாட்டுச் சிற்பியரும் ஓவியரும் படைத்துக் காட்டிய வகையையும் ஒப்புநோக்கி ஈண்டு ஆராய்வாம். பிற சமயத்தார் நூலைக் குறைகூறல் எம் கருத்தன்று. அந்நூல் கூறுவதை அதன் சொற்கொண்டே தெளிந்து, அதன்பின் அதற்கு எழுந்த ஓவியங்களை மதிப்பிடுதலே கருத்தென்க.

தேவதூதர் என்ற அளவில் எவர்க்கும் மனக்கண்முன் நிற்பது யாது? தூய வெண்ணிற ஆடை, தலையைச் சூழ்ந்த ஒளிவட்டம், தோளினின்று எழுந்த இரண்டு பெருஞ் சிறகுகள் ஆகிய இவையே. இவற்றுள்ளும் ஆடையும் ஒளிவட்டமும் நீக்கினும் தூதரை அறியலாம்; சிறகை நீக்கின் அறிதல் அரிது. அத்துணைத் தலைமை பெற்ற அச்சிறகு மூலத்தில் உள்ளதோ, உரையால் வந்ததோ என்பதே முதற்கண் எழும் வினா.

1. பெயர்

ஏபிரேய மூலத்தில் இவரைக் குறிக்கும் சொல் 'மலாக்' என்பது. தூது செல்வோன் என்பதே அதன் பொருள். ஓர் அரசன்பாலிருந்து மற்றோர் அரசன்பாற் செல்லும் மானிடத் தூதனுக்கும் அந்நூலுள் அச்சொல்லே வழங்குகின்றது. ஆகாய் என்னும் தீர்க்கதரிசியும் அச்சொல்லாற் குறிக்கப்படுகின்றார். மலாக்கி என்னும் தீர்க்கதரிசியின் பெயர்க்கு 'என் தூதன்' என்பதே பொருள். கிரேக்க மொழிபெயர்ப்பாளரும் 'அங்கெலோஸ்' என்னும் ஒரே சொல்லை விண்ணவர்க்கும் மண்ணவர்க்கும் பொதுவாக வழங்கினர். பின்னர், இலத்தீனில் விவிலியத்தைப் பெயர்த்த செரோம் என்னும் அறிஞரே பெரும்பாலும் விண்ணுலகத் தூதரை 'ஆங்கெலுஸ்' என்றும், மானிடத் தூதரை 'நூன்சியுஸ்' என்றும் பிரித்தெழுதினர். தொழில் பற்றி வந்த பெயர் இனம் பற்றிய பெயராயது இவ்வாறென்க.

கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்த அகுஸ்தீன் என்னும் ஆசிரியர் இவ்வேற்றுமையை நன்கு உணர்ந்தவர். தூதர் என்பது அவர்தம் தொழிற்பெயரேயன்றி இயற்கைப் பெயரன்று; இயற்கையால் அவர் ஆவி; ஏவப்பட்டுச் செல்லுங்கால் தூதர் எனப்படுகின்றார் என்பது அவர் கொள்கை. தமிழில் வந்த பெயர்களும் இப்பாகுபாட்டிற்கு இயையவே அமைந்தமை வியத்தற்குரியது. சீர்திருத்தக் கிறித்துவர் வழங்கிய 'தேவதூதன்' என்னும் சொல் தொழிலைச் சுட்டுகின்றது. கத்தோலிக்கர் முன்னாளில் வழங்கிய 'சம்மனசு' என்னும் சொல் நல்ல மனத்தையுடையோர் என இயற்கையைச் சுட்டுகின்றது. இவ்விரு சொல்லுள் எதனுள்ளும் சிறகு இல்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

2. மூலத்துட் காணும் தூதர்

பெயரில் இல்லையாயினும் வருணனையில் உண்டோ எனின், அதனையும் காண்பாம்.

ஆதியாகமத்தின் 18-ஆம் அதிகாரத்தில், நண்பகல் வெயிலில் தன் கூடாரவாயிலில் அமர்ந்திருந்த ஆபிரகாம் என்னும் முதியோன், எதிரே மூன்று மனிதர் நிற்கக் காண்கின்றான். மனிதர் என்பதே மூலத்தின் சொல். அவன் ஓடிச்சென்று வணங்கி, கால்கழுவ நீர் தந்து, மரநிழலில் இருத்தி, மனைவியை மாவு பிசைந்து அப்பம் சுடுமாறு ஏவி, இளங்கன்றைச் சமைப்பித்து, வெண்ணெயும் பாலும் உடன்வைத்து, தான் அருகில் நின்று உண்பிக்கின்றான். வந்தார் யாரென்பது அவனுக்கு உண்டிக்குப் பின்னரே விளங்குகின்றது. அடுத்த அதிகாரத்தில் அவருள் இருவர் தூதர் என்னும் பெயருடன் சோதோம் நகரஞ் சேர்கின்றனர். அந்நகரத்தார் அவரை வழிப்போக்கரென்றே கருதித் தீங்கு செய்ய முற்படுகின்றனர். தோளிற் சிறகுடையாரை எவரேனும் வழிப்போக்கரெனக் கருதுவரோ?

நியாயாதிபதிகள் என்னும் ஆகமத்தின் 13-ஆம் அதிகாரத்தில் மனோவா என்பவன் தன் மனைவிக்குத் தோன்றியவனைத் தூதனென்று அறியாது பெயர் வினவுகின்றான், உண்ண அழைக்கின்றான். அவன் மனைவி, வந்தவனைத் தேவமனிதன் என்றும், தூதனது தோற்றம் போன்ற அச்சந்தரும் தோற்றமுடையான் என்றும் ஒப்பிட்டு உரைக்கின்றாளேயன்றி, வேறோர் அடையாளமும் கூறினாளில்லை. பலிபீடத்துத் தீச்சுடரோடு அவன் மேலெழுந்து மறைந்தபின்னரே மனோவா உண்மை உணர்கின்றான்.

யாக்கோபு கண்ட கனவில் மண்ணினின்று விண்ணளவும் ஓர் ஏணி நிற்கின்றது. தூதர்கள் அதன்வழி ஏறியும் இறங்கியும் வருகின்றனர். பறப்பார்க்கு ஏணி வேண்டா. தானியேல் ஆகமத்தின் 10-ஆம் அதிகாரத்தில் வரும் காட்சியோ மிக அஞ்சத்தக்கது. மெல்லிய சணலாடை, மணிபோன்ற உடல், மின்போன்ற முகம், தீப்பந்தம் போன்ற கண்கள் என உறுப்புதோறும் வருணனை வருகின்றது. சிறகு மட்டும் வரவில்லை. புதிய ஏற்பாட்டில், மரியாளிடம் வந்த கபிரியேலின் உருவத்தைப் பற்றி லூக்கா ஒரு சொல்லும் கூறிற்றிலர். இயேசுவின் கல்லறையில் நின்றாரை மாற்கு வெள்ளாடை அணிந்த இளைஞன் என்கின்றார். லூக்கா ஒளிவீசும் ஆடையுடைய இரு மனிதர் என்கின்றார்.

கத்தோலிக்கரும் கீழைத்திருச்சபையாரும் வேதமாகக் கொள்வதும், சீர்திருத்தக் கிறித்துவர் தள்ளாகமம் என ஒதுக்குவதுமாகிய தோபித்து ஆகமத்தில் இக்கருத்து முழுக்கதையாகவே விரிகின்றது. கண்ணொளி இழந்த தோபித்து தன் மகன் தோபியாவைத் தொலைநாட்டிற்கு அனுப்ப ஒரு வழித்துணை தேடுகின்றான். இரபேல் என்னும் தூதன் அசரியா என்ற பெயருடன் வருகின்றான். முதியோன் அவனது குடியும் கிளையும் வினவி, நாளொன்றுக்கு ஒரு திரக்மா கூலி பேசி அமர்த்துகின்றான். நாயொன்றும் உடன்செல்ல அவர் நெடுவழி போய் மீள்கின்றனர். தந்தையும் மகனும் கூலியின் மேலும் கொண்டுவந்த பொருளிற் பாதியைத் தர முற்பட்டபோதே, வந்தவன் தன்னை இன்னானென வெளிப்படுத்தி மறைகின்றான்.

இவற்றையெல்லாம் உட்கொண்டே, எபிரேயர்க்கு எழுதப்பட்ட நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் விருந்தோம்பலை மறவாதிருக்குமாறு பணித்து, அவ்வறத்தாற் சிலர் தாம் அறியாமலே தூதரை உபசரித்தனர் என்று காரணங் காட்டுகின்றது. 'அறியாமலே' என்னும் அக்கருத்தே இக்கதைகளின் உயிர்நிலை. அறிந்து செய்தது வழிபாடாகலாம். அறியாது செய்ததே விருந்தோம்பல். வந்தாரை இன்னாரென ஆராயாது அமுதூட்டிய தொண்டர் வரலாறுகளைப் பயின்ற நம்மனோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

3. மூலத்துட் சிறகுடையோர்

அற்றேல், விவிலியத்திற் சிறகே இல்லையோ எனின், உண்டு. ஆயின் அது தூதர்க்கன்று. கேருபீன், சேராபீன் எனப்படுவார்க்கு.

ஏதேன் தோட்டத்து வழியைக் காப்போர் கேருபீன்கள். உடன்படிக்கைப் பெட்டியின் மூடிமேல் பொன்னாற் செய்த இரு கேருபீன்கள் சிறகுவிரித்து எதிரெதிர் நிற்குமாறு யாத்திராகமம் விதிக்கின்றது. சாலொமோன் எடுத்த ஆலயத்தில் ஒலிவமரத்தாற் செய்த கேருபீன்கள் 10 முழ உயரமும், ஒவ்வொரு சிறகும் 5 முழ நீளமும் உடையன. எசேக்கியேல் கண்டவை மனிதன், சிங்கம், எருது, கழுகு என நான்கு முகமும் நான்கு சிறகும் கொண்டவை. ஏசாயா கண்ட சேராபீன்கள் ஆறு சிறகினர். இரண்டால் முகத்தையும் இரண்டால் காலையும் மூடி, இரண்டாற் பறப்பவர். இவர் இறைவனது அரியணையைத் தாங்குவோரும் சூழ்வோரும் காப்போருமேயன்றி, மானிடர் மனைக்குத் தூதுவந்து உண்டு செல்வோர் அல்லர். 19-ஆம் நூற்றாண்டில் நிம்ரூத், கோர்சாபாத் முதலிய அசீரிய நகரங்களை அகழ்ந்தபோது வெளிப்பட்ட, மனிதத்தலையும் சிறகும் உடைய எருதுச் சிலைகளை இக்கேருபீன்களோடு உறவுடையனவாக அறிஞர் பலர் கருதுவர். அரண்மனை வாயிலைக் காத்த அச்சிலைகளைக் காண்பார், கேருபீன் என்னும் சொல் முன்னாளில் எழுப்பிய அச்சத்தை ஒருவாறு உணரலாம்.

இனி, தானியேல் 9-ஆம் அதிகாரத்திற் கபிரியேல் விரைந்து பறந்து வந்தான் என்றும், வெளிப்படுத்தின விசேஷம் 14-ஆம் அதிகாரத்தில் ஒரு தூதன் நடுவானிற் பறந்தான் என்றும் வருதலின், தூதர்க்கும் சிறகு உண்டென்றே கொள்ளல் அமையும் எனின், கூறுதும். தானியேலில் உள்ள ஏபிரேயத் தொடர் பறந்துவருதலைக் குறிப்பதோ, களைப்புறுதலைக் குறிப்பதோ என்று உரையாசிரியர் இன்றும் வேறுபடுவர். வெளிப்படுத்தின விசேஷத்திற் பறத்தல் உண்டு. அதனாற் சிறகு உய்த்துணரப்படலாம். ஆயினும் உய்த்துணர்தல் வேறு, கூறப்படுதல் வேறு. கி.பி. 197-ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன் என்பார், தூதரும் பேய்களும் ஆகிய ஆவியெல்லாம் சிறகுடையனவே என்றனர். அவர் அதனால் விளக்க எடுத்துக்கொண்டது ஆவிகளின் விரைவையே. ஆகவே சிறகு என்னும் எண்ணம் பழையதேயாயினும், மானிடர்முன் வந்துநின்ற தூதர்க்குச் சிறகு இருந்ததென விவிலியம் ஓரிடத்தும் கூறிற்றில்லை என்பது துணிபு.

4. ஓவியத்துட் சிறகு புகுந்த காலம்

தொடக்கக் காலத்துக் கிறித்துவ ஓவியர் இதனை அறிந்தே வரைந்தனர். உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளுள் ஒன்றாகிய பிரிசில்லா கல்லறையில், 3-ஆம் நூற்றாண்டினதாகப் பலர் கொள்ளும் ஓவியமொன்று உளது. அமர்ந்திருக்கும் பெண்முன் ஓர் ஆடவன் கைநீட்டி நிற்கின்றான். கபிரியேல் மரியாளுக்குச் செய்தி கூறும் காட்சி இதுவென்பர். அவனுக்குச் சிறகில்லை. 1955-இல் கண்டறியப்பட்ட இலத்தீனா வீதிக் கல்லறையின் 4-ஆம் நூற்றாண்டு ஓவியங்களிலும் ஆபிரகாமிடம் வந்த மூவரும், யாக்கோபின் ஏணியில் ஏறியிறங்குவாரும் சிறகிலராகவே காணப்படுகின்றனர்.

4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலை மாறுகின்றது. இசுதான்புல் நகரின் சரிகுசெல் என்னும் பகுதியிற் கிடைத்ததும், இளவரசன் கல்பேழை எனப்படுவதுமாகிய சவப்பேழையில், கிறித்துவின் பெயரெழுத்தை உட்கொண்ட மலர்வளையத்தை இரு தூதர் சிறகுவிரித்துப் பறந்து தாங்குகின்றனர். இவ்வமைப்புப் புதியதன்று. கிரேக்கர் நைக்கே என்றும் உரோமர் விக்டோரியா என்றும் போற்றிய வெற்றித்தெய்வங்கள் பேரரசரின் வெற்றிவளையத்தை இவ்வாறே தாங்கிநிற்கும். பேரரசர் கிறித்துவராயபின், வெற்றித்தெய்வத்தின் சிறகு தூதர் தோளில் ஏறிற்று. தெய்வம் பெண்ணுரு, தூதர் ஆணுரு என்பதே வேற்றுமை. சிறகு மூலத்தினின்று ஓவியத்திற்கு வந்ததன்று. ஓர் அரசின் சிற்பமரபினின்று வந்ததென்பது இதனால் விளங்கும்.

5. அறிஞர் கூறிய அமைதி

வந்தவழி வேறாயினும், வந்தபின் அது நற்பொருள் தருமாயின் கொள்ளத்தக்கதே அன்றோ எனின், அதுவும் ஆராயத்தக்கது. அந்தியோக்கு நகரிற் சொற்பொழிவாற்றி, கி.பி. 407-இல் மறைந்த யோவான் கிறிசோஸ்தோம் இதற்கு அமைதி கூறினர். கபிரியேலுக்குச் சிறகு காட்டப்படுவது, அவ்வியல்பில் உண்மையாகவே சிறகு உண்டென்பதற்கன்று. அவர் உயர்நிலத்தினின்று தாழ்நிலத்து மானிடரை நோக்கி இறங்கிவந்தமையைப் புலப்படுத்துதற்கே என்பது அவர் உரை. எனவே சிறகு உறுப்பன்று, குறி. இவ்வளவில் யாமும் உடன்படுகின்றேம்.

கி.பி. 500-ஐ ஒட்டித் தியோனீசியன் என்னும் பெயரில் எழுதிய கிரேக்க ஆசிரியர் இன்னும் நுணுகிச் சென்றனர். விண்ணவரை ஒன்பது வகுப்பாக வகுத்தவர் அவரே. சிறகு மேலேறும் ஆற்றலின் குறியென்று உரைத்த அவர், குறிகளைப் பற்றிப் பொதுவாக ஓர் எச்சரிக்கையும் தந்தனர். உருவமற்றதை உணர்த்த அழகிய உருவத்தை எடுத்தாளின், கேட்போர் அவ்வழகிலேயே மயங்கி, விண்ணுலகம் பொன்மேனியரால் நிரம்பியதென உண்மையாகவே நம்பிவிடுவர். எருது, சிங்கம் போன்ற ஒவ்வா உருவத்தை எடுத்தாளின், இஃது உண்மையுருவாதல் கூடாதென்று அறிவு தானே தெளிந்து மேற்செல்லும். ஆதலின் ஒப்புமையுடைய குறியினும் ஒப்பில்லாக் குறியே சிறந்தது என்பது அவர் கருத்தின் சாரம். உருவ அருவ ஆராய்ச்சியிற் பழகியோர் இதன் நுண்மையைப் பெரிதும் மதிப்பர்.

இவ்வெச்சரிக்கை வேண்டப்பட்டதே என்பதைப் பின்வரலாறு காட்டிற்று. கி.பி. 787-இல் நிகேயாவிற் கூடிய சங்கத்தில் உருவங்களின் பொருட்டு வழக்காடியபோது, தூதர் முற்றும் உடலிலர் அல்லர். காற்றும் தீயும் போன்ற நுண்ணுடலினர். ஆதலின் வரையத்தக்கவர் என்னும் தெசலோனிக்க யோவானின் வாதம் எடுத்துப் படிக்கப்பட்டது. 13-ஆம் நூற்றாண்டிலிருந்த தாமஸ் அக்வினாஸ், தூதர் முற்றும் உடலற்றவரே. மானிடர் பொருட்டு உடலை மேற்கொண்டு தோன்றுவர் என்று நிறுவினர். ஓவியர் கைக்கோ அவ்வாதங்கள் தடையாயினவில்லை. 1470-களின் தொடக்கத்தில் இளைஞராயிருந்த லியொனார்தோ தீட்டி, இப்போது புளோரன்சு நகரின் உப்பீசி காட்சிச்சாலையில் உள்ள கபிரியேலின் சிறகைக் காண்பார், அது பறவையின் சிறகை நோக்கித் தீட்டியது என்பதை எளிதில் உணர்வர். தசையினின்று முளைத்த மெய்ச்சிறகு அது. கலைத்திறனில் அஃது ஏற்றமே. ஆயின் குறியாயிருந்தது உறுப்பாயிற்று.

6. ஓவியரின் இடர்ப்பாடு

இங்கு ஓவியர்க்கு உள்ள இடர்ப்பாட்டையும் நடுநிலையோடு கூறல் வேண்டும். கதைக்குள் இருப்பவன் வந்தவனை அறியலாகாது. ஓவியத்தைக் காண்பவனோ அறிதல் வேண்டும். சிறகில்லையேல் காண்பவன் அறியான்; சிறகு இருப்பின், அறியாது நிற்கும் ஆபிரகாமும் தோபியாவும் குருடராகவோ பேதையராகவோ தோன்றுவர். இம்முரணைத் தீர்த்த வகையிற்றான் ஓவியனது நூலறிவும் கலையறிவும் ஒருங்கே புலப்படும்.

வெரோக்கியோவின் தொழிற்கூடத்தில் 1470-களின் முற்பகுதியில் ஆகி, இலண்டன் தேசியக் காட்சிச்சாலையில் உள்ள தோபியா ஓவியத்தில், தூதன் பெருஞ் சிறகோடு வழிநடக்க, இளைஞன் அவன் கையைப் பற்றிச் செல்கின்றான், நாயும் உடன்வருகின்றது. நடையின் விரைவும் ஆடையின் மடிப்பும் அழகியனவே. ஆயின் நாளொன்றுக்கு ஒரு திரக்மாவிற்கு அமர்ந்த கூலித்துணைவன் இவனென்று எவர் நம்புவர்? கதையின் உயிர் ஈண்டு அழகிற்கு விலையாயிற்று.

இத்தாலியின் இரவென்னா நகரில் கி.பி. 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித வித்தாலே ஆலயத்தின் சில்லோவியத்தைப் பாருங்கள். பலிபீடத்தின் பக்கச் சுவரில், மரநிழலில் மூவர் அமர்ந்துள்ளனர். முன்னே சிலுவைக்குறியிட்ட மூன்று அப்பங்கள். ஆபிரகாம் கன்றிறைச்சியைத் தட்டில் ஏந்தி வருகின்றான். சாராள் கூடாரவாயிலில் நிற்கின்றாள். மூவர்க்கும் ஒளிவட்டம் உண்டு, சிறகு இல்லை. அவ்வோவியத்திற்கு நேர்மேலேயோ இருவர் சிறகுவிரித்துச் சிலுவைவட்டத்தைத் தாங்கிப் பறக்கின்றனர். சிறகெழுதத் தெரியாமையால் மூவரைச் சிறகின்றி எழுதினரல்லர் என்பது இதனால் தெளிவு. மேலே விண்ணவர், கீழே விருந்தினர் என இடமறிந்து எழுதினர். காண்பார்க்கு ஒளிவட்டத்தால் உண்மை உரைத்து, கதைக்குள் மனிதரென்னும் மூலச்சொல்லையும் காத்த இவ்வோவியரை மூலமறிந்த உரையாசிரியரென யாம் மதிக்கின்றேம்.

உருசிய நாட்டு அந்திரேய் ரூப்லேவ் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே நிகழ்ச்சியை எழுதியது வேறுவகை. மூவர்க்கும் சிறகு உண்டு. ஆயின் ஆபிரகாமும் சாராளும் படத்திலேயே இல்லை. விருந்து என்னும் நிகழ்ச்சியை விடுத்து, மூவொருமை என்னும் கொள்கையை எழுதுதலே அவர் கருத்து. அறியாது நிற்பார் ஒருவரும் அங்கு இன்மையின் சிறகு கதையைக் கெடுக்கவில்லை. மேசையின் முன்பக்கம் வெறுமையாய்க் காண்போரை நோக்கியுள்ளது. விருந்தளிப்போர் இடத்தில் காண்போரே நிற்கின்றனர். 1551-இல் மாஸ்கோவிற் கூடிய சமயச் சங்கம் மூவொருமையை ரூப்லேவ் எழுதியவாறே எழுதுக என்று விதித்ததும் இச்சிறப்பு நோக்கியே. அது மூலத்தினும் கொள்கையைப் பேசும் உரையெனக் கொண்டு போற்றத்தக்கது.

நான்காவது, ஒல்லாந்து நாட்டு ரெம்பிராண்ட் 1637-இல் எழுதியதும், பாரிசின் லூவர் காட்சிச்சாலையில் உள்ளதுமாகிய ஓவியம். தோபித்தின் வீட்டுவாயிலினின்று இரபேல் மேலெழுந்து செல்கின்றான். காண்போர்க்கு அவன் முதுகும் சிறகும் தெரிகின்றன. முதியோன் நிலத்தில் வீழ்ந்து வணங்க, மகன் முழந்தாளிட்டு வியப்போடு மேல்நோக்குகின்றான். நூலின்படி தூதன் தன்னை வெளிப்படுத்தியபின் நிகழ்வது இது. வழியெல்லாம் உடன்வந்தவன் யாரென அவர் அறிந்த பொழுதும், நாம் சிறகைக் காணும் பொழுதும் ஒன்றே. வரும்போது மனிதன், செல்லும்போதே தூதன். அறிந்தபோது அவன் அவர்க்கு முதுகுகாட்டிச் செல்கின்றான் என்பதில் எத்துணைத் துயரும் எத்துணை மகிழ்வும் ஒருங்கே உள! காண்பார் அறிவையும் கதைமாந்தர் அறிவையும் ஒருங்கு பொருத்திய இவ்வோவியத்தில் சிறகு மீண்டும் குறியாகின்றது.

7. சிறகின் ஏற்றமும் இறக்கமும்

சிறகு குறியென்பதைக் கீழைத்திருச்சபை ஓவியர் நெடுங்காலம் மறந்திலர் என்பதற்கு மற்றொரு சான்று உண்டு. மாற்கு தம் நூலின் தொடக்கத்தில், தூதனை முன்னே அனுப்புதலைக் கூறும் பழைய வாக்கை ஸ்நாபக யோவானுக்குப் பொருத்துகின்றார். அங்குக் கிரேக்கச் சொல் அங்கெலோஸ் என்பதே. இது பற்றிப் பிற்காலப் பைசாந்திய ஓவியரும் உருசிய ஓவியரும், தாய்வயிற்றிற் பிறந்து, ஒட்டகமயிராடை உடுத்து, பாலைநிலத்தில் வாழ்ந்து, வாளால் மடிந்த அம்மனிதர்க்குச் சிறகு எழுதினர். யோவான் பறந்தார் என்று அவர் எவரும் நம்பிலர். தூது என்னும் தொழில் பூண்டார்க்குச் சிறகு என்பதே அவர் இலக்கணம். சிறகின் உண்மைப் பொருளை இதனினும் தெளிவாகக் கூறும் ஓவியம் இல்லை.

இதற்கு மறுதலையாக நிற்பது, இத்தாலிய ஓவியர் இரபேல் 1512-ஐ ஒட்டித் தீட்டியதும், செருமானியின் திரெசுதன் நகரில் உள்ளதுமாகிய மரியாள் ஓவியத்தின் அடியிற் காணும் இரு சிறுவர் உருவம். முழங்கையை ஊன்றி மோவாயைத் தாங்கி மேல்நோக்கும் அவ்விருவரை அறியாதார் அரியர். படத்தினின்று தனியே பிரித்துப் பல்லாயிரம் வாழ்த்திதழ்களிலும் பெட்டிகளிலும் அச்சிட்டனர். உரோமரின் காமதேவனாகிய குபிதோவின் பிள்ளையுருவினின்று வந்த சிறுவர் இவர். மக்கள் இவர்க்கு இட்ட பெயரோ கேருபீன் என்பது! நான்கு முகத்தோடு எசேக்கியேலை முகங்குப்புற வீழ்த்திய காட்சியிற் கண்டவை எங்கே; கன்னங்கொழுத்த இச்சிறுவர் எங்கே! விவிலியத்துள் தூதர் தோன்றிய இடந்தோறும் பெரும்பாலும் முதற்சொல் அஞ்சற்க என்பதே. இச்சிறுவரைக் கண்டு அஞ்சுவார் எவர்? அஞ்சாதார்க்கு அஞ்சற்க என்பது என்ன பொருள் தரும்? அப்பெரிய படத்தினுள் இவ்விருவரும் பொருந்தியே உள்ளனர். ஓவியரைப் பழித்தல் முறையன்று. பிரித்தெடுத்துப் பெயர் மாற்றியதே பிழை. தியோனீசியன் அஞ்சியது இதனையே: அழகிய குறி, குறிக்கப்பட்ட பொருளை விழுங்கிற்று.

முடிவு

இதுகாறும் கூறியவாற்றால், விவிலிய மூலத்தில் மானிடரிடம் வந்த தூதர்க்குச் சிறகு கூறப்படவில்லை என்பதும், அஃது உரோமரின் வெற்றிச்சிற்பத்தினின்று 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து புகுந்தது என்பதும், குறியென உணர்ந்து ஆளப்பட்டவழி மூலத்தை விளக்கிற்று என்பதும், உறுப்பென மயங்கியவழி மூலத்தை மறைத்தது என்பதும் பெறப்பட்டன.

மறைந்தது யாதென மீட்டும் நோக்குவாம். இழந்தது தூதரது உருவம் பற்றிய ஒரு செய்தி மட்டுமாயின் இத்துணை ஆராய்ச்சி வேண்டா. இழந்தது ஆபிரகாமின் அறம். சிறகுடையார் மூவர் வாயிலில் வந்துநிற்பின் எவன்தான் எழுந்தோடி வணங்கான்? சோதோமின் கொடியோரும் வணங்குவர். வெயிலில் வந்த பெயரறியா மூவர்க்காக ஒரு முதியோன் எழுந்து ஓடினான் என்பதன்றோ அக்கதை? ஓவியத்தின் சிறகை முன்வைத்து அதனைப் படிப்பார், அவன் ஓடியதைக் காண்பர். ஓடியதன் அருமையைக் காணார்.

ஆதலின் இவ்வோவியங்களைக் காணும் அன்பர், காட்சிச்சாலையினின்று மீண்டபின் ஆதியாகமத்தின் 18-ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து, சிறகை மறந்து படிப்பாராக. மூன்று மனிதர் என்னும் அம்மூலச்சொல் ஆண்டுப் பழையவாறே நிற்கக் காண்பர்.